நவம்பரில் ஒரு புதுமுகத்தை எடைபோட கென்பாம் சந்தா எவ்வளவு உதவும்?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. இரண்டாவது வாரம் முடிவதற்குள் அந்தந்த அணியின் ரசிகர்கள் தங்கள் முதலாண்டு வீரர்களைப் பற்றிய தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார்கள். பள்ளிப் பருவத்தில் ஐந்து நட்சத்திர மதிப்பீடு பெற்று வந்தவர் முதல் மூன்று ஆட்டங்களில் இருபது புள்ளிகளைத் தொட்டுவிட்டால், அடுத்த கோடையில் அவர் தொழில்முறைப் போட்டித்தொடரான என்பிஏவுக்குப் போய்விடுவாரே என்று இப்போதே ஏங்கத் தொடங்குகிறார்கள். அதே நட்சத்திரங்களோடு வந்த இன்னொருவர் அடுத்தடுத்து ஐந்து எறிதல்களைத் தவறவிட்டால், ஆளெடுப்பில் ஏமாந்துவிட்டோம் என்று அங்கலாய்க்கிறார்கள். இந்த அவசரத்துக்கு மருந்தாகப் பலரும் கைகாட்டுவது கென்பாம் என்ற புள்ளிவிவரச் சேவையைத்தான். அணிகளைத் தரவரிசைப்படுத்தும் கருவியாக அதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது என்பதால், ஒரே ஒரு கேள்வியை முன்வைத்து மட்டும் அதை இங்கே மதிப்பிடுகிறேன். பள்ளி முடித்து வந்த பதினெட்டு வயதுப் பையன் உண்மையிலேயே வளர்கிறானா என்று அறிய விரும்பும் ரசிகருக்கு இந்தச் சந்தா பணத்துக்குத் தகுந்த பலனைத் தருகிறதா?

சேவையை நடத்துபவர் கென் பாமராய். முன்பு வானிலை ஆய்வாளராகப் பணியாற்றியவர் என்பதாலோ என்னவோ, நடக்கும், நடக்காது என்று அடித்துச் சொல்லாமல், எல்லாவற்றையும் வாய்ப்பின் அளவாகச் சொல்லும் நிதானம் இவரது பட்டியல்களில் தெரிகிறது. அணிகளின் தரவரிசையை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வீரர்களின் தனிப் பக்கங்களைத் திறக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 25 டாலர் கட்ட வேண்டும். மார்ச் மாதத் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் குழுவுடைய மேசைக்குப் போகும் அணித் தாள்களில் கென்பாம் தரவரிசையும் இடம்பெறுகிறது. ஆகவே அணி அளவில் இதன் நம்பகத்தன்மையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தனிவீரர் அளவில், அதுவும் பத்து ஆட்டங்கள்கூட ஆடாத ஒரு புதுமுகத்தின் அளவில், அதே நம்பிக்கையை வைக்கலாமா என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சேவை தரும் முதல் நன்மை, ஒவ்வோர் எண்ணையும் அது எதனால் வகுக்கப்பட வேண்டுமோ அதனால் வகுத்துத் தருவதுதான். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு ரசிகர்களின் நாக்கில் ஊறிப்போன கணக்கு. ஆனால் புதுமுகங்களை ஒப்பிடுவதற்கு அதைவிட ஏமாற்றும் கணக்கு வேறில்லை. கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஓர் ஆட்டத்தில் 75 பந்து வாய்ப்புகள் (பந்து அணியின் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு வாய்ப்பு) வரும் வேகமான அணியில் 34 நிமிடம் ஆடி 12 புள்ளி எடுக்கிறார். மற்றவர் 64 வாய்ப்புகளே வரும் நிதானமான அணியில் 22 நிமிடம் ஆடி 9 புள்ளி எடுக்கிறார். செய்தித்தாள் பெட்டிச் செய்தியில் முதலாமவர் மேலே நிற்பார். களத்தில் இருந்த நேரத்துக்கு அணிக்குக் கிடைத்த வாய்ப்புகளால் வகுத்துப் பார்த்தால், முதலாமவர் நூறு வாய்ப்புக்கு ஏறத்தாழ 19 புள்ளியும், இரண்டாமவர் ஏறத்தாழ 26 புள்ளியும் எடுத்திருக்கிறார்கள் என்று தெரியவரும். கென்பாம் பக்கத்தில் இந்த வகுத்தலை நாம் செய்யவே வேண்டியதில்லை. எறிதல், அசிஸ்ட் (சக வீரர் புள்ளியெடுக்கக் கொடுத்த பந்து), பந்திழப்பு, ரீபவுண்ட் (தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுவது), தடுத்த எறிதல் என எல்லாமே அந்தந்த வாய்ப்பின் சதவீதமாகவே அங்கே இருக்கின்றன.

இதன் அருமை ஜாக் ஈடியின் முதலாண்டுக் கணக்கைப் பார்த்தவர்களுக்குப் புரியும். 7 அடி 4 அங்குல உயரத்தோடு பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர், பள்ளி வீரர்களின் தரவரிசைகளில் முதல் நூறு பேருக்குள் எங்கும் தென்படாதவர். 2020-21 பருவத்தில் ஆட்டத்துக்கு 14.7 நிமிடம் ஆடி 8.7 புள்ளியும் 4.4 ரீபவுண்டும் எடுத்தார். பெஞ்சிலிருந்து வரும் நெடிய பையன், ஏதோ உதவுகிறான் என்ற அளவிலேயே பலரும் அவரைக் கடந்துபோயிருப்பார்கள். அதே எண்ணை 40 நிமிடத்துக்கு நீட்டினால் 23-க்கும் மேற்பட்ட புள்ளிகள் வருகின்றன. அத்தனை நிமிடம் ஆடியிருந்தால் அவ்வளவு எடுத்திருப்பார் என்று இதற்குப் பொருளல்ல. களைப்பும் ஃபவுல்களும் குறுக்கே வந்திருக்கும். ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று அங்கே இருந்தது என்பது மட்டும் உறுதி. 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான விருதுகள் அவர் கைக்கே போயின. இதே எடுத்துக்காட்டு சேவையின் ஒரு குறையையும் சேர்த்தே காட்டுகிறது. கென்பாமின் தேசிய முன்னணிப் பட்டியல்களில் இடம்பெற, ஒரு வீரர் தன் அணியின் மொத்த நிமிடங்களில் குறைந்தது 40 சதவீதம் ஆடியிருக்க வேண்டும். ஆட்டத்துக்கு 14.7 நிமிடம் என்பது அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே விழுகிறது. முன்னணிப் பட்டியலை மட்டும் மேய்ந்துவிட்டுப் போகிறவரின் கண்ணில் அந்த ஆண்டின் ஈடி பட்டிருக்கவே மாட்டார். அணியின் பக்கத்தைத் திறந்து கீழ்வரிசை வரை இறங்கிப் படிக்கிறவருக்குத்தான் அவர் கிடைப்பார்.

இரண்டாவது நன்மை, என் பார்வையில் முழுச் சந்தாவுக்கும் ஈடானது: வீரர்களை அவர்கள் தோளில் ஏற்றப்பட்ட சுமையின்படி பிரித்துவைப்பது. களத்தில் ஐந்து பேர் ஆடுவதால், அணியின் பந்து வாய்ப்புகளில் ஒருவரின் சராசரிப் பங்கு 20 சதவீதம். 28 சதவீதத்துக்கு மேல் தன் கையாலேயே, எறிந்தோ பந்தை இழந்தோ, முடித்துவைப்பவர் அணியின் நம்பிக்கை நாயகர். 24 முதல் 28 வரை முக்கியப் பங்களிப்பாளர். அதற்குக் கீழே படிப்படியாக இறங்கி, 12 சதவீதத்துக்கும் குறைவானவர்களைக் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாதவர்கள் என்று சற்றே குறும்பாக அந்தப் பக்கம் வகைப்படுத்துகிறது. ஒவ்வொருவருக்கும் பக்கத்திலேயே, அவர் முடித்துவைக்கும் நூறு வாய்ப்புகளில் எத்தனை புள்ளி விளைகிறது என்ற தாக்குதல் மதிப்பெண்ணும் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் ஒருசேரப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், ரசிகர்கள் நடத்தும் சண்டைகளில் பாதிக்குமேல் தேவையற்றவை என்பது தெரிந்துவிடும். 14 சதவீதப் பங்கோடு 118 மதிப்பெண் வைத்திருக்கும் புதுமுகம், பிறர் உருவாக்கித் தரும் எளிய எறிதல்களை மட்டும் எடுக்கிறவராக இருக்கக்கூடும். 28 சதவீதப் பங்கோடு 104 வைத்திருப்பவர், எறிவதற்கான கால அவகாசம் முடியப்போகும் நேரத்தில் யாரும் வேண்டாமென்று தள்ளிவிட்ட பந்தையெல்லாம் வாங்கி எறிகிறவராக இருக்கக்கூடும். முதலாமவரைப் போற்றுவதும் இரண்டாமவரைத் தூற்றுவதும் இந்த வேறுபாட்டைக் காணாத கண்களுக்குத்தான் எளிது.

2020-21 பருவத்தில் ஓக்லஹோமா ஸ்டேட் அணிக்கு ஆடிய கேட் கன்னிங்ஹாம் ஆட்டத்துக்கு 20.1 புள்ளி எடுத்தார்; ஆனால் 3.5 அசிஸ்ட்டுக்கு 4.0 பந்திழப்பு என்ற கணக்கு அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது. பந்தை வழிநடத்த வேண்டிய ஒருவர் கொடுத்ததைவிட இழந்தது அதிகம் என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அணியின் தாக்குதல் ஆட்டம் முழுவதும் அவர் ஒருவரைச் சுற்றியே பின்னப்பட்டிருந்தது என்பதையும், எதிரணி இரண்டு பேரை அவர்மீது ஏவிவிட வசதியாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எண் வேறு கதை சொல்லும். 2021-இல் என்பிஏ அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் முதலாவதாக அழைக்கப்பட்டவர் அவர்தான். இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு டைரீஸ் ஹாலிபர்டன். ஐயோவா ஸ்டேட்டில் 2018-19 பருவத்தில் ஆட்டத்துக்கு 33 நிமிடம் ஆடிய அவர் எடுத்தது 6.8 புள்ளி மட்டுமே. அணியின் பந்து வாய்ப்புகளில் மிகச் சிறிய பங்கையே அவர் முடித்துவைத்தார். ஆனால் 3.6 அசிஸ்ட்டுக்கு 0.8 பந்திழப்பு என்பது ஒரு முதலாண்டுப் பையனிடம் அரிதாகக் காணக்கூடிய கட்டுப்பாடு. அடுத்த ஆண்டு பந்து அவர் கைக்கு வந்தபோது 15.2 புள்ளியும் 6.5 அசிஸ்ட்டும் எடுத்தார். சுமை கூடும்போது திறன் தாங்குமா என்பதை எந்தப் பட்டியலும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது என்றாலும், அந்தக் கேள்வியைச் சரியான இடத்தில் எழுப்பவாவது இந்த இரட்டை எண்கள் உதவுகின்றன.

இனி, சேவை சொல்லாமல் விடுவதைப் பார்ப்போம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நவம்பர் மாதத்துக் கூடைப்பந்துக்குப் பொருந்தாது. ஆனால் கென்பாம் தரும் எண்கள் ஆறு ஆட்டங்களுக்குப் பிறகும் முப்பது ஆட்டங்களுக்குப் பிறகும் ஒரே எழுத்தில், ஒரே ஒரு தசம இடத்தோடு, ஒரே உறுதியோடு அச்சாகி நிற்கின்றன. புதுமுகம் ஒருவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 40 முறை எறிந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அவர் 35 சதவீதத் திறன் கொண்டவர் என்றால், 14 பந்துகள் விழ வேண்டும். வெறும் தற்செயலால் மட்டுமே இந்த எண்ணிக்கை 11-க்கும் 17-க்கும் இடையே எங்கும் நிற்கலாம். ஏறத்தாழ நான்கில் ஒரு முறை அதற்கும் வெளியேகூடப் போய்விடும். 11 விழுந்தால் 27.5 சதவீதம், 17 விழுந்தால் 42.5 சதவீதம். முதல் எண்ணைப் பார்த்த ரசிகர் இந்தப் பையனுக்கு எறியவே தெரியவில்லை என்பார். இரண்டாவதைப் பார்த்தவர் நாட்டிலேயே சிறந்த எறிவீரர் என்பார். இருவரும் பேசுவது ஒரே ஆளைப் பற்றி. வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே உருண்ட மூன்று பந்துகள் உள்ளே விழுந்திருந்தால் பேச்சே மாறியிருக்கும். இந்த ஊசலாட்டத்தின் எல்லையை எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்திலாவது காட்டியிருக்கலாம். எதிரணியின் மூன்று புள்ளிச் சதவீதத்தில் தற்செயலின் பங்கே பெரிது என்று அணிகளின் தடுப்பாட்டத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லிவரும் பாமராயிடம் இதை எதிர்பார்ப்பது தவறாகாது.

அப்படியானால் நவம்பரிலேயே ஓரளவு நம்பக்கூடியவை எவை? என் பரிந்துரை, எறிந்த பந்து விழுந்ததா என்பதைவிட, எறிவதற்கு முன்னும் பின்னும் நடப்பவற்றை அளக்கும் எண்களைப் பார்ப்பது. அணியின் வாய்ப்புகளில் அவரது பங்கு எவ்வளவு என்பது பயிற்சியாளரின் நம்பிக்கையைக் காட்டுவது. சில ஆட்டங்களிலேயே நிலைபெற்றுவிடும். உள்வட்டத்தில் ஆடும் நெடியவர்களுக்கு, 40 நிமிடத்துக்கு எத்தனை ஃபவுல் செய்கிறார் என்ற எண் வளர்ச்சியின் தலையாய அடையாளம். பள்ளியில் கையை நீட்டினாலே எறிதலைத் தடுத்துப் பழகியவர்கள், கல்லூரியில் தோள்வலுவுள்ள ஆட்களிடம் அதே கையை நீட்டி முதல் பாதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். நவம்பரில் ஆறாக இருந்த அந்த எண் ஜனவரியில் நான்குக்கு இறங்கினால், புள்ளிக் கணக்கு அசையாமல் இருந்தாலும் பையன் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று பொருள். ஃப்ரீ த்ரோ சதவீதமும் அப்படித்தான்: யாரும் மறிக்காத, தூரம் மாறாத எறிதல் என்பதால், கைப்பதத்தைப் பற்றி அது சொல்வதைத் தொடக்கத்து மூன்று புள்ளிச் சதவீதம் சொல்வதைவிட நான் அதிகம் நம்புவேன்.

டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃபிளாக் இதற்கு அண்மைக்காலச் சான்று. 2024 நவம்பர் 12 அன்று கென்டக்கி அணிக்கு எதிராக 26 புள்ளியும் 12 ரீபவுண்டும் எடுத்த அவர், ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் இரண்டு முறை பந்தை இழந்தார். டியூக் 77-72 என்று தோற்றது. அப்போது அவருக்கு வயது 17 மட்டுமே. நெருக்கடி நேரத்தில் பந்தை இவரிடம் கொடுக்கலாமா என்ற விவாதம் மறுநாளே தொடங்கிவிட்டது. அந்த வாரங்களில் அவரது மூன்று புள்ளி எறிதலும் சுமாராகவே இருந்தது. பருவம் முடிந்தபோது அவர் கோட்டுக்கு வெளியிலிருந்து 38.5 சதவீதமும், ஃப்ரீ த்ரோவில் 84 சதவீதமும் எறிந்திருந்தார். இடையில் ஜனவரியில் நோட்ர டேம் அணிக்கு எதிராக 42 புள்ளி எடுத்து, தமக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழுவான அட்லான்டிக் கோஸ்ட் கூட்டமைப்பின் முதலாண்டு வீரர்களுக்கான சாதனையைப் படைத்தார். நவம்பரின் எண்கள் பொய் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. நூற்றுக்கும் குறைவான எறிதல்களிலிருந்து ஒரு கையின் தரத்தைக் கணிக்க முயன்றதில்தான் கோளாறு.

எதிரணியின் தரம் அடுத்த சிக்கல். பெரிய கூட்டமைப்புகளின் அணிகள் தொடக்க வாரங்களில் பெரும்பாலும் தம்மைவிடப் பலவீனமான அணிகளை வரவழைத்துத் தம் சொந்த அரங்கில் ஆடுகின்றன. அந்த ஆட்டங்களில் ஒரு புதுமுகம் வாரிக் குவித்த புள்ளிகளும், தேசியத் தரவரிசையில் முன்னணியில் இருக்கும் ஓர் அணியின் அரங்கில் போய் எடுத்த புள்ளிகளும் தனிவீரர் மதிப்பெண்ணில் ஒரே எடையோடுதான் கலக்கின்றன. அணிகளின் மதிப்பீட்டை எதிரணியின் வலிமைக்கேற்பத் திருத்தித் தரும் இதே சேவை, தனிவீரரின் தாக்குதல் மதிப்பெண்ணை அப்படித் திருத்துவதில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. இதற்குப் பரிகாரமாக, வீரரின் பக்கத்தில் ஆட்டவாரியான பட்டியல் இருக்கிறது. வலுவான எதிரணிகளோடு ஆடியவை, ஆடிய இடத்தையும் கணக்கில் எடுத்து, ஏ, பி என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிகள் உள்ள வரிசைகளை மட்டும் கண்ணால் ஓட்டிப் படித்தால், மொத்தக் கணக்கைவிட நேர்மையான படம் கிடைக்கும். கூட்டமைப்பு ஆட்டங்களை மட்டும் தனியே பார்க்கும் வசதியும் உண்டு. ஆனால் அதற்கு ஜனவரி வரை பொறுத்திருக்க வேண்டும்.

புதுமுகம் சந்திக்கும் மாற்றங்களில் சிலவற்றை எந்த எண்ணாலும் திருத்த முடியாது. பள்ளி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது; 2019-20 முதல் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் அது 22 அடி 1¾ அங்குலம். இரண்டு அடிக்கும் மேற்பட்ட இந்தத் தூரத்தைப் பழைய தசைப் பழக்கத்தோடு எறிகிறவரின் பந்து, தொடக்கத்தில் வளையத்தின் முன்விளிம்பில் மோதித் திரும்புவதில் வியப்பில்லை. எதிரே நிற்பவர்களின் வயதும் கூடியிருக்கிறது. கொரோனா காலத்தில் வழங்கப்பட்ட கூடுதல் ஆண்டும், 2021 முதல் காத்திருப்பின்றிக் கல்லூரி மாறலாம் என்ற விதித் தளர்வும் சேர்ந்து, இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்காரர்களால் நிறைந்த அணிகளை உருவாக்கிவிட்டன. கென்பாமில் அணிவாரியான அனுபவ அளவு ஒன்று இருக்கிறது. ஆடிய நிமிடங்களின் எடையோடு வீரர்களின் கல்லூரி ஆண்டுகளைச் சராசரியாக்கித் தருவது. புதுமுகத்தின் மோசமான ஆட்டம் எந்த அணிக்கு எதிராக வந்தது என்று பார்த்து, அந்த அணியின் அனுபவ அளவையும் ஒரு முறை பார்த்துவிட்டால், திட்டுவதற்கு முன் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். அதிகம் பேசப்படாத பக்கம் இது. புதுமுகங்களைப் பற்றிய கேள்விக்கு மிகவும் பொருத்தமானது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வெற்றிடம் தடுப்பாட்டத்தில் இருக்கிறது. தடுத்த எறிதல், பறித்த பந்து, தடுப்புப் பக்க ரீபவுண்ட், ஃபவுல் ஆகிய நான்கையும் தாண்டி, ஒரு வீரரின் தடுப்பாட்டத்தைப் பற்றி அவர் பக்கத்தில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. முதலாண்டு வீரர்கள் நிமிடங்களை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். காட்சி வழக்கமாக இப்படித்தான் இருக்கும். பந்து வலப்பக்கம் இருக்கிறது. நம் புதுமுகம் இடப்பக்க மூலையில் நிற்கும் எறிவீரரைக் காக்க வேண்டியவர். எதிரணியின் நெடியவர் நம் அணி ஆள் ஒருவரின் வழியை உடலால் மறித்துவிட்டு வளையத்தை நோக்கித் திரும்பி ஓடுகிறார். அவரை இடைமறிக்க ஓரடி உள்ளே வந்து, பந்து மூலைக்குப் பறந்த கணமே திரும்பி ஓட வேண்டியது புதுமுகத்தின் வேலை. அவர் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே வருவதில் அரை விநாடி தாமதம். திரும்பி ஓடுவதில் இன்னும் அரை விநாடி. மூலையில் இருப்பவர் அவசரமின்றி எறிகிறார். மூன்று புள்ளி. ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளில் இது நம் வீரரின் பெயருக்கு எதிரே எங்கும் பதிவாகாது. ஆனால் அடுத்த நிறுத்தத்தில் பயிற்சியாளர் அவரை வெளியே இழுத்துக்கொள்வார். எட்டுப் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவரை ஏன் உட்கார வைத்தார் என்று ரசிகர்கள் கொதிப்பார்கள். அதற்கான விடையை 25 டாலர் கொடுத்தாலும் இந்தப் பக்கத்தில் பெற முடியாது.

எதிர்த்திசையிலும் இதே வெற்றிடம் தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். 2012 இறுதிப்போட்டியில் கென்டக்கியின் முதலாண்டு வீரர் ஆந்தனி டேவிஸ் கான்சஸ் அணிக்கு எதிராகப் பத்து எறிதல்களில் ஒன்றை மட்டுமே போட்டு 6 புள்ளி எடுத்தார். தாக்குதல் மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் அது மறக்க வேண்டிய இரவு. ஆனால் 16 ரீபவுண்டும், 6 தடுத்த எறிதலும், 5 அசிஸ்ட்டும், 3 பறித்த பந்தும் எடுத்த அவருக்கே போட்டியின் தலைசிறந்த வீரர் விருது கொடுக்கப்பட்டது. கென்டக்கி பட்டம் வென்றது. அவர் தடுத்த ஆறு எறிதல்களாவது கணக்கில் ஏறின. அவர் நிற்கிறார் என்பதற்காகவே எறியாமல் திருப்பி அனுப்பப்பட்ட பந்துகள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பக்க வடிவமைப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. படங்களோ காணொளிகளோ இல்லாத வெறும் அட்டவணைகள். நெடுவரிசைத் தலைப்புகள் சுருக்கெழுத்துகளாக இருப்பதால் முதல் சில நாள்கள் திணறல் இருக்கும். தேசிய அளவில் ஒரு வீரர் முன்னணியில் இருந்தால், எண்ணின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அவரது தரவரிசை நிற்பது நல்ல ஏற்பாடு. கைபேசியின் குறுகிய திரைக்கு இந்த அகலமான அட்டவணைகள் ஏற்றவையல்ல. கணினியில் பார்ப்பதே கண்ணுக்கு நல்லது.

போட்டியாக நிற்கும் பார்ட் டோர்விக்கின் இலவசத் தளத்தைக் குறிப்பிடாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. அணித் தரவரிசையில் அதுவும் கென்பாமை ஒட்டிய முறையைத்தான் கையாள்கிறது. 2024-25 பருவத்திலிருந்து அதன் மதிப்பீடும் என்சிஏஏ அணித் தாள்களில் சேர்க்கப்பட்டுவிட்டது. புதுமுகங்களைப் பொறுத்தவரை அதில் இரண்டு வசதிகள் முக்கியமானவை. இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை என்று நாமே வெட்டிப் பார்க்கலாம்; நவம்பரின் பந்திழப்பு விகிதத்தையும் பிப்ரவரியின் விகிதத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட இதைவிட நேரான வழி இல்லை. வளையத்துக்கு அருகே எடுத்த எறிதல், இடைத்தூர எறிதல் என்று இரண்டு புள்ளி எறிதல்களைப் பிரித்துக் காட்டுவது இரண்டாவது வசதி. நவம்பரில் இடைத்தூரத்திலேயே நின்று எறிந்துகொண்டிருந்த, வெளிவட்டத்தில் பந்தைக் கையாளும் வீரர் ஒருவர், பிப்ரவரியில் வளையம் வரை போய் முடிக்கிறார் என்பது அங்கே எண்ணாகவே தெரியும். வளர்ச்சியைக் காண விரும்புகிறவருக்குக் காலவரிசைதான் உயிர். அந்த ஒரு விஷயத்தில் இலவசத் தளம் கட்டணத் தளத்தை முந்திவிடுகிறது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அதன் பக்கங்களில் தெரிவுகள் குவிந்துகிடக்கின்றன. புதிதாக வருகிறவர் தான் விரும்பிய முடிவு கிடைக்கும் வரை தேதிகளை நகர்த்திக்கொண்டே போகும் ஆபத்தும் அங்கே அதிகம். கென்பாமின் கட்டுப்பாடான, சற்றே பிடிவாதமான வடிவம் அந்தச் சபலத்துக்கு இடம் தருவதில்லை.

ரசிகர்களின் பொறுமை குறைந்துபோனதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1972-73 பருவத்துக்கு முன் பெரிய கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் பொதுவாக முதன்மை அணியில் ஆட முடியாது. பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று அறியப்பட்ட லூ ஆல்சின்டர், 1965-இல் யுசிஎல்ஏவின் முதலாண்டு அணிக்காக ஆடி, நாட்டின் முதல்நிலை அணியாகக் கருதப்பட்ட தன் சொந்தக் கல்லூரியின் முதன்மை அணியையே 75-60 என்று தோற்கடித்தார். அப்படியும் அவரை முதன்மை அணியில் பார்க்க ரசிகர்கள் ஓராண்டு காத்திருந்தார்கள். இன்றோ, நன்றாக ஆடுகிறவர் ஓராண்டில் என்பிஏவுக்குப் போய்விடுகிறார். நிமிடங்கள் கிடைக்காதவர் வசந்த காலத்தில் வேறு கல்லூரிக்கு மாறிவிடுகிறார். பொறுத்திருந்து பார்க்கலாம் என்று சொல்வதற்கு அந்தப் பையனே அடுத்த ஆண்டு இங்கே இருப்பானா என்று தெரியாதபோது, பத்தாவது ஆட்டத்திலேயே விடை வேண்டும் என்று கேட்பது மனித இயல்பு.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். ஓர் அணியின் ஒரே ஒரு புதுமுகத்தைப் பின்தொடர மட்டும் கென்பாம் சந்தா கட்டத் தேவையில்லை. டோர்விக்கின் தளமும், ஆட்டங்களை முழுவதுமாகப் பார்க்கும் வழக்கமும் போதும். பல கூட்டமைப்புகளின் புதுமுகங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறவர், தன் வீரருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் சுமை பிற அணிகளில் அதே வயதுக்காரர்களுக்குக் கொடுக்கப்படும் சுமையோடு எப்படி நிற்கிறது என்று அறிய விரும்புகிறவர், மார்ச் போட்டியின் முன்கணிப்புகளையும் சேர்த்துப் படிக்கப் போகிறவர் ஆகியோருக்கு 25 டாலர் மலிவு. சந்தாவை நவம்பரில் கட்டுகிறவர்கள் முதல் இரண்டு மாதங்களுக்குச் சுமைப் பங்கு, பந்திழப்பு, ஃபவுல் ஆகிய மூன்று நெடுவரிசைகளோடு நிறுத்திக்கொண்டு, மூன்று புள்ளிச் சதவீதத்தைக் கூட்டமைப்பு ஆட்டங்கள் பாதி முடிந்த பிறகு படிக்கத் தொடங்கலாம்.